பன்னிரண்டாவது வாக்கியம்

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த டீச்சர், காலாண்டுத் தேர்வுக்கு முன் முடிக்க வேண்டிய வேலை என்று ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்தார். சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கச் சொன்னதால் யாரும் குறை சொல்ல முடியவில்லை. என் பக்கத்தில் இருந்தவளுக்கு ‘பியூட்டிஃபுல்’ வந்தது. எனக்கு ‘ஸ்டார்ட்’. எங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த இரும்புப் பெட்டியில், பச்சைப் பொத்தானுக்குக் கீழே எழுதியிருந்த சொல் அது. அதற்குப் போய் ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குவது வீண் என்று நினைத்தேன்.

இடது பக்கத்தில் சொல்லின் பொருள்களையும், அதே பொருள் தரும் வேறு சொற்களையும் எழுத வேண்டும். வலது பக்கத்தில் பன்னிரண்டு வாக்கியங்கள். வாக்கியங்களைக் கற்பனையாக அமைக்கக் கூடாது. எங்காவது எழுதியிருந்ததைப் படித்திருக்க வேண்டும், அல்லது யாராவது எதையாவது தொடங்குவதைக் கண்ணால் பார்த்து அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பார்த்த இடத்தையும் தேதியையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். வாக்கியத்துக்கு அரை மதிப்பெண், ஆக மொத்தம் ஆறு.

இடது பக்கம் ஒரே நாளில் முடிந்தது. பள்ளிக்கூட அகராதியில் பிகின், கமென்ஸ், இனிஷியேட், லாஞ்ச், ஓபன் என்று வரிசையாக இருந்தன. எல்லாம் ஒன்றுதானே என்று கேட்டேன். டீச்சர் இல்லை என்றார். சடங்கு, கூட்டம் என்றால் கமென்ஸ். கடை என்றால் ஓபன். பத்துப் பேர் தயங்கி நிற்கும்போது ஒருவர் முதல் அடி எடுத்து வைத்தால் இனிஷியேட். மழை பிகினும் ஆகும், ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் மோட்டாரை பிகின் செய்ய முடியாது, ஸ்டார்ட்தான் செய்ய முடியும். கடைசியாக, திடுக்கிட்டு உடம்பு தூக்கிப்போடுவதற்கும் அதே சொல்தான் என்றார். அதை மட்டும் நான் நம்பவில்லை. இருந்தாலும் ஐந்தாவது பொருள் என்று எண் போட்டு எழுதிக்கொண்டேன்.

வலது பக்கத்தைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. வீட்டில் அம்மா இருந்தாள்.

கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் இடையில் இருக்கும் எங்கள் ஊரில், எதையும் யாரும் தாமாகத் தொடங்குவதில்லை. நாள் பார்ப்பது ஒரு பாதி. யாருடைய கை முதலில் படுகிறது என்பது மறு பாதி. கைராசி உள்ளவர் என்று பெயர் எடுத்த ஒருவர் வந்து முதல் பிடி விதையைப் போட்டு, முதல் நாற்றை ஊன்றி, முதல் செங்கல்லை எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் வேலையில் இறங்குவார்கள். நான் பிறந்த வருஷம் பக்கத்துக் காட்டுக்காரர் தண்ணீருக்குப் போர்வெல் போட்டபோது, தேங்காய் உடைக்க வேண்டியவர் வந்துசேரவில்லை. போர் வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். புல் அறுக்கப் போய்க்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு உடைக்கச் சொன்னார்களாம். சாயங்காலத்துக்குள் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அன்றைக்கு அம்மாவின் வலது கை ஊர்ப் பொதுவாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் கை வைத்த தக்காளி அழுகியதும் உண்டு. வெறும் புழுதியைக் கக்கிய போரும் உண்டு. அப்போதெல்லாம் விதை சரியில்லை என்றார்கள், மழை ஏமாற்றிவிட்டது என்றார்கள். விளைந்தால் அம்மாவின் கை, விளையாவிட்டால் வானம். இதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது எனக்கும் அந்தக் கையில் முழு நம்பிக்கை.

பல் துலக்கும் நேரத்திலேயே வாசலில் யாராவது வந்து நிற்பார்கள்.

“அக்கா, நாளைக்குக் காலைல சாமந்தி நாத்து நடறோங்க. நீங்க வந்து ஒரு கை வெச்சுக் குடுத்துட்டுப் போயிருங்க. ரண்டே நிமிசம்.”

“அதுக்கென்ன, வந்தர்றேன்” என்பாள் அம்மா. அப்பா மாட்டுக் கொட்டகையிலிருந்தே குரல் கொடுப்பார்: “ஊருக்கெல்லாம் ராசி. எங்கூட்டு மோட்டாருக்கு மட்டும் அந்தக் கை ஆவறதில்ல.” அது உண்மைதான். எங்கள் மோட்டார் யார் அமுக்கினாலும் மூன்று முறை உறுமிவிட்டுத்தான் ஓடும்.

அந்த ஆடி மாதம் முழுக்க நான் நோட்டும் பேனாவுமாக அம்மாவின் பின்னால் திரிந்தேன். சாமந்தி நாற்று ஒரு வாக்கியம் ஆனது. பதினெட்டாம் பெருக்கன்று நிலக்கடலை விதைத்தது ஒன்று. கடத்தூரில் உறவுக்காரர் திறந்த மளிகைக் கடையில் முதல் படி அரிசி அளந்தது ஒன்று. அதற்கு ‘ஓபன்’ போட்டேன். என் வகுப்பில் மற்றவர்கள் பேருந்து நிலையத்திலும் டிவியிலும் தங்கள் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, என் வாக்கியங்கள் வாசலுக்கே வந்து என்னைக் கூப்பிட்டன. ஆடி முடிவதற்குள் பத்து சேர்ந்துவிட்டது.

ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு மூன்று இடம் பேசி முடிகிற நேரத்தில் தட்டிப்போயிருந்தது. நான்காவதாக வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாயார், பெண்ணைப் பார்த்ததைவிட அம்மாவைத்தான் அதிகம் பார்த்தார். அண்ணிக்காரி கைராசிக்காரி என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பந்தக்கால் முதல் கடைசிச் சடங்குவரை அம்மாதான் கை வைத்துத் தொடங்கித் தர வேண்டும் என்று வெற்றிலை மாற்றும்போதே கேட்டுக்கொண்டார். அத்தை அன்று அம்மாவைக் கட்டிக்கொண்டு, “எல்லாம் ஒங்க கைதான் அண்ணி” என்றாள்.

ஆவணி பிறந்த முதல் வாரத்தில் ஒருநாள், தீர்த்தமலையில் சாமி முன்னால் பத்திரிகை வைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா என்னையும் பள்ளிக்கு விடுப்புப் போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மொரப்பூர் வரை பேருந்தில் போனோம். அங்கே அரூர்ப் பேருந்து நின்றிருந்தும் அதில் ஏறவில்லை. ரயில் நிலையத்துக்குப் போய் சேலத்துக்கு டிக்கெட் எடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் வாங்க வேண்டும், அதில் இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று நீதான் படித்துச் சொல்ல வேண்டும் என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்கு வலது மார்பில் கட்டி. முந்தைய வாரம் ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்ச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறாள். அது புற்றுநோய் என்று அன்றைக்கு முடிவு வந்திருந்தது. இதையெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டேன். அந்த அறையில் எனக்குத் தெரிந்தது ஒரு மின்விசிறி, ஒரு பெண் மருத்துவர், அவர் மேசைமேல் ஒரு கண்ணாடி உருண்டை.

மருத்துவர் நிதானமாகத்தான் பேசினார். வருகிற திங்கட்கிழமை கணவரோடு வந்தால் அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார். அம்மா முடியைப் பற்றி மட்டும்தான் கேட்டாள்.

“ஆரம்பிச்சா முடி கொட்டுமுங்களா?”

“கொட்டும்மா. அப்புறம் முளைச்சிடும்.”

“எத்தன நாள்லீங்க மொளைக்கும்?”

மருத்துவர் மாதக் கணக்கில் ஏதோ சொன்னார். எந்த ரகம் எத்தனை நாளில் காய்க்கும் என்று கேட்டுக்கொள்பவளைப் போல அம்மா தலையாட்டினாள். வீட்டில் ஒரு கல்யாணம், அதை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “இதுக்கு முகூர்த்தமெல்லாம் பார்க்கக் கூடாதும்மா. இன்னைக்கு இருக்கிறது மாதிரி அடுத்த மாசம் இருக்காது.” பிறகு மஞ்சள் தாளில் எழுதி, அதில் ஒரு சொல்லை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தத் தாளைப் பிரித்தேன். பெரிய எழுத்தில் இருந்தது என் சொல். ஸ்டார்ட். எனக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. இதுவரை நான் சேர்த்தவை எல்லாம் தமிழில் பார்த்து ஆங்கிலத்தில் எழுதியவை. மோட்டார் பெட்டியில் இருந்ததோ வெறும் ஒற்றைச் சொல். ஒரு பெரிய படிப்புப் படித்தவர், ஆங்கிலத்திலேயே, தன் கையால் எழுதிய முழு வாக்கியம் இதுதான். அடுத்து வந்த சொல்லை ‘செமோ’ என்று படித்தேன்; அது கீமோ என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் ‘எர்லியஸ்ட்’ என்று இருந்தது. கூடிய சீக்கிரம் ஏதோ ஒன்றை ஆரம்பிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது என அம்மாவிடம் படித்துச் சொன்னேன்.

“அதான் அந்தம்மா வாயாலயே சொல்லிட்டாங்களே” என்றாள் அம்மா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, “ஒங்கத்தைக்கு மூணு எடம் தட்டிப்போச்சு. நாலாவதும் என்னால போவணுமா?” என்றாள். என்னைக் கேட்டாளா, ஜன்னலைக் கேட்டாளா என்று தெரியவில்லை. தாளை என்னிடமே கொடுத்து, இங்கிலீஷ் நோட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னாள். “நம்ம வூட்ல அத யாரும் தொறக்க மாட்டாங்க.”

மொரப்பூரில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் விபூதிப் பொட்டலமும் குங்குமமும் வாங்கினோம். அன்று சாயங்காலம் அப்பா கைகால் கழுவிவிட்டு வந்து, கிழக்கே பார்த்து நின்று, கண்ணை மூடி அந்த விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். கூட்டம் அதிகமா என்று கேட்டார். பரவாயில்லை என்றாள் அம்மா. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நோட்டின் வலது பக்கம் பதினொரு வாக்கியத்தோடு நிறையும்படி இருந்தது. பதினொன்றாவது இடத்தைப் பந்தக்காலுக்கு ஒதுக்கிவைத்திருந்தேன். மருத்துவரின் வாக்கியத்தைப் பன்னிரண்டாவதாக அடுத்த தாளில் தனியாக எழுதினேன். ஸ்டார்ட் என்பதைப் பெரிய எழுத்தில் அழுத்தி எழுதி, அவரைப் போலவே இரண்டு கோடு போட்டு, சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் பூவேலை செய்தேன். இடம்: சேலம். தேதியும் போட்டேன். நான் செய்தவற்றில் அதுதான் சிறந்த பக்கம்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது பந்தக்கால் நட்டார்கள். அன்றைக்குத்தான் நோட்டுகளைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளும். விடிந்தும் விடியாத நேரத்தில், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவர்கள் சுற்றி நிற்க, அம்மா பச்சை மூங்கிலில் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டி வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். மற்றவர்கள் குழியில் இறக்கும்போது அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. ஒரு நொடிதான். உடனே சிரித்த முகத்தோடு பால் ஊற்றினாள். டீச்சர் சொன்ன ஐந்தாவது பொருள் நிஜம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பதினொன்றாவது வாக்கியத்தை எழுதப் போனேன்.

பள்ளிக்குக் கிளம்பும் முன் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். என்னதான் எழுதியிருக்கிறாய், படி கேட்கிறேன் என்றாள். ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழிலும் சொன்னேன். சாமந்திக்குச் சிரித்தாள். மளிகைக் கடைக்குச் சிரித்தாள். பன்னிரண்டாவதைப் படித்ததும் என் தலையில் இருந்த கை நின்றுவிட்டது.

“அத டீச்சர் படிப்பாங்களா?”

“படிச்சுத்தான மார்க் போடுவாங்க.”

“அந்த ஒன்ன மட்டும் எடுத்துரு கண்ணு.”

முடியாது என்றேன். அரை மதிப்பெண் போய்விடும் என்றேன். அதுதான் இருப்பதிலேயே நல்ல வாக்கியம் என்றேன். அம்மா கோபப்படவில்லை. கல்யாணம் மட்டும் முடியட்டும், நானே வந்து டீச்சரிடம் பேசுகிறேன் என்றாள். வெளியே அத்தை வளையல் குலுங்க யாருக்கோ காபி கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். டவுன் பஸ் ஹாரன் கேட்டது. வேறு வாக்கியம் தேட நேரமில்லை. நான் அந்தத் தாளைக் கிழித்தேன். அம்மா அதையும் மஞ்சள் தாளையும் சேர்த்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் பீரியடிலேயே டீச்சர் நோட்டுகளைப் பார்த்தார். என்னுடையதை வெகுநேரம் பார்த்தார்.

“பதினொன்னுதான் இருக்கு. பன்னெண்டாவது எங்கம்மா?”

“கெடைக்கல டீச்சர்.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். கிழித்த தாளுக்கு அடியில் இருந்த வெற்றுத் தாளில், நான் அழுத்தி எழுதிய எழுத்துகள் பள்ளமாகப் பதிந்திருந்தன. டீச்சர் அதன்மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். வெளிச்சத்துக்காக நோட்டைக் கொஞ்சம் சாய்த்தும் பார்த்தார்.

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?”

“எங்கத்தைக்குக் கல்யாணம் டீச்சர்” என்றேன். “நீங்களும் வரணும்.”

டீச்சர் சிரித்துவிட்டார். ஐந்தரை போட்டுக் கையெழுத்திட்டார்.

அதன் பிறகு நடந்தது நீளமில்லை. கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பின்னால் புரட்டாசி வந்தது. அந்த மாதத்தில் எதையும் தொடங்கக் கூடாது என்று அம்மாவே சொல்லிக்கொண்டாள். ஐப்பசியில் அத்தைக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்க அம்மா தலையில் முடியோடு நிற்க வேண்டியிருந்தது. தீபாவளி கழிந்த வாரம்தான் அப்பாவிடம் சொன்னாள். அதே மருத்துவர், அதே அறை. ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார். மொட்டைத் தலையில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அம்மா அந்தத் தை மாதத்தையும் பங்குனியையும் பார்த்தாள். அடுத்த ஆடிப் பட்டத்துக்கு அவள் இல்லை. கடைசி ஆறு மாதத்தில் எங்கள் வாசலுக்கு விடிகாலையில் யாரும் வரவில்லை.

அவள் ஏன் காத்திருந்தாள் என்று நான் பல முறை காரணங்களை எழுதி வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். அத்தையின் கல்யாணம் ஒன்று. ஊரில் தன் கைக்கு இருந்த பெயர் ஒன்று. பயம் ஒன்று. முதலில் எதை எழுதுவது என்பது ஒவ்வொரு வருஷமும் மாறிக்கொண்டே இருக்கிறது. அத்தைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். “எங்கண்ணி கை வெச்சது, அதான் நல்லா இருக்கேன்” என்று இன்றும் சொல்கிறாள். எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், புதிதாக வரும் இயந்திரங்களைச் சோதித்து ஓட்டிக் கொடுக்கும் வேலை. சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியல் முழுவதையும் நானே எழுதுவேன். பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் வைத்த பிறகு, “மேடம், நீங்க அமுக்குங்க, நல்லா ஓடும்” என்பார்கள். யாரையாவது அமுக்கச் சொல்லிவிட்டு நான் ஓர் அடி பின்னால் போய் நிற்பேன். கிழித்த தாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில் கிடைத்தது. மஞ்சள் தாளைக் காணவில்லை. பூவேலை செய்த என் தாளை மட்டும் வைத்திருந்தாள்.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது பந்தக்கால் நட்ட நாளின் சாயங்காலம்தான். வீடு முழுக்க விருந்தாளிகள். அழுவதற்கு இடமில்லாமல் நான் மோட்டார் கொட்டகைக்குப் போய், அந்த இரும்புப் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். வகுப்பில் ‘பியூட்டிஃபுல்’ வாங்கியவளுக்கு ஆறுக்கு ஆறு. அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். ஐந்தரை என்றேன். உன்னால்தான் என்றேன். அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்றேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் மதிப்பெண் அவளுக்கும் இவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறதே என்று எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகவும், ஒரு பக்கம் வெட்கமாகவும் இருந்தது. என் அழுகை நின்றுவிட்டது. அவள் வலது கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“உடும்மா, அரை மார்க்குதான” என்றேன். “அரையாண்டுல எடுத்துக்கலாம்.”